இரண்டாம் தடவை பூக் கேட்டேன்

வேன் ஏரிப் பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே பதினோரு பெண்கள். ஏறி இறங்கும் கதவு தண்ணீர்ப் பக்கம். என் கால் பிரேக்கில். அந்தக் காலை எடுத்தால் பன்னிரண்டு பேரும் போய்விடுவோம்.

அன்று நான் அழைத்ததையும் தாய் வந்ததையும் மாரியம்மன் பிள்ளைகள் எல்லோரும் அறிய எழுதுகிறேன். நான் செய்த தப்பையும் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டால் இது பொய்.

என் பெயர் கோவிந்தன். பெங்களூர் நீலசந்திராவில் குடியிருக்கிறேன். வேன் ஓட்டுகிறேன். பெங்களூருக்குத் தெற்கே, ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கே புல்லில் களை பிடுங்க, சருகு பெருக்க, எங்கள் பகுதியிலிருந்து பதினோரு பெண்கள் போகிறார்கள். தினமும் காலையில் நான்தான் அவர்களைக் கொண்டுபோய் விடுவேன். ராணியம்மா அவர்களுக்கு மேஸ்திரி. வேன் கிளம்பியதிலிருந்து அவர் வாய் ஓயாது.

"பெரிய பெரிய ஆளுங்க கோலை வச்சிக்கிட்டு ஒரு குழிய தேடுறாங்க. நம்ம ரோட்டுல எத்தன குழி! இங்கயே வந்து ஆடலாம்ல?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். "கோவிந்தண்ணா சிரிச்சா டீசல் செலவாயிடும்" என்பார். அதற்கும் சிரிப்பார்கள்.

போன வருடம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. வழக்கமாகப் போகும் தார் ரோட்டில் பாலம் ஒன்று உடைந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை மைதானத்தில் ஏதோ போட்டி. ஆறரைக்கு ஆட்கள் வேண்டும் என்று சூப்பர்வைசர் போன் செய்தார். "எந்த ரூட்டுன்னு நீங்களே பாத்துக்கோங்க கோவிந்த். டைமுக்கு வந்தா போதும்" என்றார்.

மிச்சம் இருந்தது இரண்டு வழி. ஒன்று காட்டு வழி. ஃபாரஸ்ட் கேட் தாண்டி எட்டு கிலோமீட்டர். யானை நடமாடும் இடம். இன்னொன்று ஏரிக்கரை வழி. மண் ரோடு. குறுகல். ஆனால் தூரம் குறைவு.

யானை என்றால் எனக்குப் பயம். முதலில் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால் அந்தக் காட்டு வழியில் தனியாகப் போனேன். ஒரு பைக் கிடந்தது. பால்காரருடையது. ஆள் ஓடித் தப்பிவிட்டார். பைக் தப்பவில்லை. பால் கேன் தட்டு மாதிரி ஆகிக் கிடந்தது. பக்கத்தில் யானைச் சாணி, ஆவி பறந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அது அங்கேயேதான் நிற்கிறது. எங்கே என்று தெரியவில்லை. நான் வேனை ரிவர்ஸிலேயே வெகுதூரம் கொண்டுவந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரியிடம் பூக் கேட்க வேண்டும் என்றேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செவ்வரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். இதுவானால் சிவப்பு, அதுவானால் வெள்ளை என்று மனதில் நினைக்க வேண்டும். விஷயம் தெரியாத ஒருவர் ஒரு மடிப்பை எடுத்துத் தருவார். வருவது அவள் சொல்.

காட்டு வழிக்குச் சிவப்பு நினைத்தேன். ஏரிக்கரைக்கு வெள்ளை. விளக்குப் போட வந்த ஒரு அம்மாவை எடுக்கச் சொன்னார் பூசாரி. எடுத்தார். பிரித்தேன்.

சிவப்பு.

"உத்தரவு ஆச்சுல்ல, கெளம்புங்க" என்றார் பூசாரி. வீடு வரைக்கும் போனேன். வாசலில் நின்றேன். அந்தச் சாணி கண் முன்னால் வந்தது. திரும்பிக் கோயிலுக்கே வந்தேன்.

பூசாரி காப்பி குடிக்கப் போயிருந்தார். யாரும் இல்லை. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் பூக் கேட்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தே இன்னொரு தடவை கேட்டேன். பூவை நானே பறித்தேன். நானே மடித்தேன். நானே கண்ணை மூடி எடுத்தேன்.

வெள்ளை வந்தது.

எந்த மடிப்பில் எது என்று என் விரலுக்குத் தெரியுமா? அன்று தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

சனிக்கிழமை விடியுமுன்னே கிளம்பினோம். மழை தூறியது. "எந்த ரூட்டுண்ணா?" என்று கேட்டார் ராணியம்மா.

"ஏரிக்கரை. அம்மன்கிட்ட பூக் கேட்டாச்சு."

"அப்ப சரி. அவ சொன்னா அப்பீலே இல்ல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் இருந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். அதைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஏரிக்கரைக்கு வந்தபோது விடிந்துவிட்டது. ஏரி நிரம்பி இருந்தது. இடது பக்கம் தண்ணீர். வலது பக்கம் பள்ளம், அதில் ராகிக் கொல்லை. நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். கொஞ்ச தூரம் போனதும் பேச்சு நின்றுவிட்டது. வைப்பர் சத்தம் மட்டும். கரை முடியும் இடத்தில் ஒரு இறக்கம். அதன் கீழே ஏரி நிரம்பி வழிந்து ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. அது நான் நினைக்காதது. பிரேக் போட்டேன்.

போட்ட இடத்திலேயே இடது பக்க மண் கரைந்தது. முன் சக்கரம் இறங்கியது. பிறகு பின் சக்கரம். வேன் மெதுவாகத் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. டிபன் டப்பா ஒன்று உருண்டு போய்க் கதவில் மோதியது. கதவுக் கண்ணாடிக்கு ஒரு முழம் கீழே தண்ணீர்.

வேனின் மூக்கு இறக்கத்தைப் பார்த்து நின்றது. ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. என் கால் ஒன்றுதான் வண்டியை நிறுத்தி வைத்திருந்தது. பின்கதவை அடைத்து எக்ஸ்ட்ரா சீட்டு போட்டிருந்தது. ஜன்னலில் கம்பி. வெளியே போக என் பக்கத்துக் கதவு ஒன்றுதான் வழி. அதற்கு என்மேல் ஏறித்தான் போக வேண்டும்.

"எல்லாரும் வலது பக்கம் வாங்க. மெதுவா. எந்திரிக்காதீங்க, நகந்து வாங்க" என்றேன். நகர்ந்தார்கள். வண்டி முனகியது. ஒரு சாண் இன்னும் இறங்கியது. யாரோ "அம்மா" என்றார்கள்.

எனக்கு எல்லாம் மறந்துபோனது. என் வீடு, பிள்ளைகள், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முதல் நாள் வந்த செவ்வரளிதான் ஞாபகம் வந்தது. தாயை அழைக்க வெட்கமாக இருந்தது. அவள் சொன்னதைத் தள்ளிவிட்டு வந்தவன் அவளையே எப்படிக் கூப்பிடுவது? ஆனால் கூப்பிட வேறு ஆள் இல்லை. மனதுக்குள் சொன்னேன். தாயே, தப்பு என்னுடையது. இவர்கள் உன் பேரைக் கேட்டுத்தான் ஏறினார்கள். இவர்களை இறக்கிவிடு. என்னை அப்புறம் பார்த்துக்கொள்.

அவ்வளவுதான் சொன்னேன். வேன் நின்றது. எதிலோ இடித்து உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு இறங்கவில்லை.

கதவைத் திறந்தேன். ஒவ்வொருவராக வரச் சொன்னேன். ஒல்லியாக இருந்தவர்கள் முதலில். என் மடியில் முட்டி வைத்து, தோளைப் பிடித்து, ஸ்டியரிங்கைத் தாண்டி வெளியே குதித்தார்கள். ஒருத்தி முட்டி என் வயிற்றில் ஏறியது. "மன்னிச்சுக்கோங்கண்ணா" என்று அழுதாள். ராணியம்மா கடைசி. அவர் கனம் வலது பக்கம் இருக்க வேண்டும் என்று நான் சொல்லாமலே புரிந்து உட்கார்ந்திருந்தார். கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இப்ப நீங்க வாங்க" என்றேன்.

"நான் வந்தா உன் காலு ஒடையும். பரவால்லையா?"

"பரவால்ல."

"கண்ண மூடிக்க. ஊருல சொல்லித் தொலைக்காத" என்றார். ஏறிக் கடந்து போனார். பதினோரு பேரும் மண்ணில் நின்றார்கள். எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன்.

நான் மட்டும் உள்ளே. குதிக்கலாம். காலை எடுத்த அந்த நொடியில் வண்டி என்னையும் இழுத்துக்கொண்டு ஓடும். கால் மரத்துப்போய்த் தானாக ஆடத் தொடங்கியது. இரண்டு கையாலும் முட்டியை அழுத்திப் பிடித்தேன். அப்போது வந்த பயத்தை என்னால் எழுத முடியாது. சாவுப் பயம் என்றால் நெஞ்சில் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் காலில் வந்தது.

பெண்கள் போகவில்லை. கல் பொறுக்கி வந்து வலது சக்கரங்களுக்கு முன்னால் அடுக்கினார்கள். களை பிடுங்கும் கொத்தால் மண்ணைத் தோண்டி அணை கட்டினார்கள். ராணியம்மா ராகிக் கொல்லைப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார். தமிழில் கொஞ்சம், கன்னடத்தில் கொஞ்சம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது.

கொல்லைக்காரர் ஒருவர். தன் பயிர் மூழ்கிவிட்டதா என்று பார்க்க வந்தவர். சத்தம் கேட்டு இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார். "பிரேக் மேலிந்த காலு தெகீபேடா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். காலை எடுக்காதே என்று. பின்னால் சங்கிலி மாட்டினார். இழுத்தார். வண்டி பின்னோக்கி ஏறியது. கரையின் கெட்டியான இடத்துக்கு வந்ததும் நான் கீழே இறங்கினேன். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேன் நின்ற இடத்தைக் கொல்லைக்காரர் காட்டினார். கரையின் உள்ளிருந்து ஒரு புங்க மர வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொடை அளவு கனம். அதன்மேல்தான் வண்டியின் அடிப்பாகம் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்து மண் வேரோடு சரிந்து தண்ணீருக்குள் போனது. வேர்தான். நானும் பார்த்தேன். என் தாயின் கை என்று சொல்கிறேன். உங்களுக்கு வேர் என்று தோன்றினால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

அங்கேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். முதலில் சிவப்பு வந்தது, அது காட்டு வழி, யானைக்குப் பயந்து இரண்டாம் தடவை நானே எடுத்தேன் என்றேன்.

ராணியம்மா முகம் மாறியது.

"யோவ். அம்மன் வாயையே மாத்தப் பாத்தியா?"

தலை குனிந்தேன்.

"அவகிட்ட ரெண்டு வாட்டி கேட்ட. எங்ககிட்ட ஒரு வாட்டி கேட்டியா? யானைக்குப் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன கடிச்சா தின்னிருப்போம்? எனக்கும்தான் பயம். இவ பல்லிக்கே பயப்படுவா. பயத்த மறைச்சு எங்க எல்லாரையும் தண்ணில தள்ளப் பாத்தியே!"

கை ஓங்கினார். அடிக்கவில்லை. என் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து அழுதார். அன்று வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டோம்.

மறுநாள் காலையில் வேனைப் போய்த் தொட்டேன். இன்னும் ஓட்ட முடியுமா என்று தெரியவில்லை. கோயிலுக்குப் போனேன். பூக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைத்தான் ஏற்கெனவே கேட்டாயிற்றே. விழுந்து கும்பிட்டேன். பூசாரியிடமும் சொன்னேன். அவர், "சொன்னத மீறுனவன்னு அவ பாத்திருந்தா நீ இங்க நிக்க மாட்ட" என்றார்.

திங்கட்கிழமை வேன் வாசலில் பதினோரு பேரும் நின்றார்கள். ஒருத்திகூட வேறு வண்டி பார்த்துப் போகவில்லை. நான் வாய் திறந்து சொன்னேன். "காட்டு வழி. எனக்குப் பயமா இருக்கு." முப்பது வருடம் வண்டி ஓட்டியதில் முதல் தடவை சொன்னேன். ராணியம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "எனக்கும்தான். ஓட்டு" என்றார்.

ஏரிக்கரைக்குப் போன அந்தச் சனிக்கிழமை காட்டு வழியில் யானை நின்றதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. அவள் காட்டிய வழி சுகமான வழி என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குப் பயமான வழிதான். இரண்டு தடவை தூரத்தில் யானை பார்த்தோம். ஒரு தடவை முக்கால் மணி நேரம் காத்துக் கிடந்தோம். வேலைக்கு லேட். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பாலம் கட்டி முடிக்கும்வரை நான்கு மாதம் அப்படித்தான் போனோம். கேட்டில் வண்டியை நிறுத்தி வாட்ச்மேனிடம் வழி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். முன்பு கேட்க மாட்டேன், கௌரவக் குறைச்சல் என்று. இப்போது எந்த ரோட்டிலும் எவரிடமும் கேட்கிறேன். ஹேண்ட் பிரேக் சரி செய்து, எக்ஸ்ட்ரா சீட்டைக் கழற்றிவிட்டேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, தாயிடம் கேளுங்கள். ஒரு தடவை கேளுங்கள். வந்த பதில் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அவளிடமே சொல்லி அழுங்கள், பதிலை மாற்றாதீர்கள். என்னைப் போல மாற்றிவிட்டு நடுவழியில் மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கூப்பிடுங்கள். போகாதே என்று அவள் சொன்ன கரைக்கும் அவள் வருவாள். என்னிடம் வந்தாள்.

அந்த நான்கு மாதமும் தினம் காலையில் ஃபாரஸ்ட் கேட்டைத் தாண்டியதும் இன்ஜினை அணைப்பேன். கண்ணாடிகளை இறக்குவோம். பன்னிரண்டு பேரும் மூச்சு விடாமல் காட்டைக் கேட்போம். கிளை ஒடிகிறதா, மண் அதிர்கிறதா என்று. என் கை ஸ்டியரிங்கில் நடுங்கும். அதை எல்லோரும் பார்ப்பார்கள். நான் மறைக்க மாட்டேன். பிறகு ராணியம்மா மெதுவாக "தாயே" என்பார். நாங்களும் சொல்லுவோம். நான் சாவியைத் திருப்புவேன்.