மூதூர் லோஞ்சியும் காசிம் காக்காவின் நோவும்

காயம் காய்ந்ததும் மருந்து கட்டுகிறவனின் வேலை முடிந்துவிடும். நோவின் வேலை அப்படியல்ல. உடம்பில் எங்காவது தையல் போட்டுக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அறுபதுகளில் திருகோணமலையில், துறைமுகம் தெரிகிற ஒரு சத்திரசிகிச்சை வார்ட்டில் நான் மருந்து கட்டினேன்.

முதல்நாள்

மூதூர் காசிம் காக்கா படகு கட்டும் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர். அடிவயிற்றில் குடல் இறங்கி, வருஷக்கணக்காக நோவோடு தூக்கியிருந்தார். அறுக்க முதல்நாள் பயத்தில் சோறு இறங்கவில்லை. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நெடுநாள் நோவோடை வாறவை, பயந்து வாறவை, இவையளிலைதான் சிலருக்கு அறுத்த பிறகும் நோ விடாது. இந்த ஆளிலை ஒரு கண் வைச்சுக்கொள்ளும்."

லோஞ்சி நேரம்

மூதூருக்கு ஆள் ஏற்றிப்போகிற மோட்டார்ப் படகான லோஞ்சி மத்தியானம் புறப்படும். அதன் ஊதல் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காலையில் டொக்டர் கட்டில் கட்டிலாக வருவார். நோகுது என்றவருக்கு அன்று வீடு இல்லை. ஆகவே அந்த நேரத்தில் மூதூர்க்காரர் எவருக்கும் நோவதில்லை.

அறுத்துத் தைத்துச் சில நாளில் காசிம் காக்காவும் நிமிர்ந்து நின்று காட்டினார். கொஞ்சக் காலம் பாரம் தூக்கக்கூடாது என்றதற்கும் தலையாட்டினார். படியிறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததை நான் கண்டுவிட்டேன். "நோவை விட்டுட்டா போறன் தம்பி? கூட்டிக்கொண்டுதான் போறன். லோஞ்சியை விட்டா நாளைக்குத்தான்."

காய்ந்த தழும்பு

சில மாதம் கழித்து, ஜெட்டியில் வேலை வாங்குகிற கங்காணியோடு வந்தார். வீடு போன கையோடு மூட்டை தூக்கத் தொடங்கியிருந்தார். தழும்பு அழகாக ஆறியிருந்தது. ஆனால் இடுப்பில் கட்டியிருக்கிற சாரம் உரசினாலே நெருப்பாக இழுக்கிறதாம். இலேசான வேலை கேட்டார். நடிப்பு என்று டொக்டர் சொல்லிவிட்டால் ஜெட்டியில் பேர் வெட்டுப்படும்.

டொக்டர் தழும்பின் பக்கத்தில் பஞ்சால் மெல்லத் தொட்டார். காக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நரம்பு பழுதாகியிருக்கு. இனி இவருக்குப் பாரம் ஏலாது" என்றார் டொக்டர்.

கங்காணி விடவில்லை. "நோவில்லை எண்டு சொல்லித்தானே காக்கா இங்கயிருந்து வெளிக்கிட்டனீர்?"

"அண்டைக்கு லோஞ்சிக்காகச் சொன்னனான். இண்டைக்குத்தான் நோவுக்காகச் சொல்றன்."

கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிழிந்த சாக்குத் தைக்கிற கொட்டிலில் காக்காவுக்கு இடம் கிடைத்தது. நோவு முழுதாக விட்டதில்லை. ஜெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்பேன். சாக்கூசியை உயர்த்திக் காட்டுவார். "நீங்க தைச்சதுதான் தம்பி நோகுது. நான் தைக்கிறது ஒண்டும் நோகுதெண்டு சொல்லேல்லை."

இப்போது என் வயிற்றிலும் ஒரு தையல் இருக்கிறது. நோகுதா என்று டொக்டர் கேட்டால், வீட்டுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பார்த்துத்தான் பதில் சொல்கிறேன்.