கய்யூம் பாய் தம்மை விட்டு நகர்ந்த கதை

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் வரை எந்த மண்டபத்தில் கல்யாணம் என்றாலும், பிரியாணிக்கு ஒத்துக்கொள்ளும் முன் அப்துல் கய்யூம் பாய் அந்த மண்டபத்தின் கழிப்பறையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அடுப்படிக்குப் பக்கமா, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எல்லாம் பார்ப்பார். சுத்தம் என்றால் பாய்தான் என்று மண்டபத்து மேனேஜர்கள் சொல்லிச் சொல்லியே அவருக்கு நல்ல பேர். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். கொஞ்ச காலமாகவே பாயின் பின்வாசல் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இருமினால் கசியும். அரிசி மூட்டையைத் தூக்கினால் கேட்கவே வேண்டாம்.

மனைவி ஜமீலுன்னிசாவுக்கும் இது தெரியாது. பாய் தன் லுங்கியைத் தானே துவைத்துக்கொள்வதைப் பார்த்து, இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

பாய் இதைப் பேதி என்று தானே முடிவுகட்டினார். வயிற்றைக் கட்ட வாழைக்காய், பால் விடாத டீ, மாதுளம்பழத் தோல் கஷாயம் என்று கைவைத்தியத்தில் இறங்கினார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார். கட்டக் கட்டக் கசிவு கூடியதே தவிரக் குறைந்தபாடில்லை.

இந்த நேரம் பார்த்து மகள் ஃபிசாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை தல்ஹா ஏசி மெக்கானிக், தங்கமான பையன். வடபழனியில் மண்டபமும் பிடித்தாயிற்று. ஆனால் அந்த மண்டபத்தில் கழிப்பறை மாடியில் இருந்தது. பிரியாணிக்கு வெளியிலிருந்து மாஸ்டர் வருவார் என்று பாய் அறிவித்துவிட்டார். ஜமீலுன்னிசா கரண்டியைத் தரையில் போட்டாள். ஃபிசா நேரே மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கே பாய் லுங்கி அலசிக்கொண்டிருந்தார்.

"தல்ஹாவைப் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லு அத்தா. அப்துல் சமத் மாமா பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நீதான் ஆக்கின. எனக்கு மட்டும் வெளி ஆளா?"

பொய் ஒன்று பாயின் நாக்கு நுனிவரை வந்தது. மகளின் கண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"அவன் நல்ல புள்ளம்மா. எனக்குத்தான் நிக்க மாட்டேங்குது."

"இன்னாது நிக்க மாட்டேங்குது?"

பாய் வாளியில் கிடந்த லுங்கியைக் காட்டினார். ஃபிசாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். சிரித்த பாவத்துக்கு இன்னொரு லுங்கியும் அலச வேண்டியதாயிற்று.

மறுநாள் மந்தைவெளியில் டாக்டர் வைதேகியிடம் இழுத்துப் போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கி, உள்ளேயும் சோதித்துப் பார்த்தார்.

"உங்களுக்குப் பேதியே இல்ல. மலச்சிக்கல்."

"டாக்டரம்மா, போறது நிக்கலன்னு நான் வந்துக்கீறேன். நீங்க போவலன்னு சொல்றீங்க."

"கெட்டியா அடைச்சுக்கிட்டு உள்ளயே நிக்குது. அதுக்குப் பின்னால இருக்கிற தண்ணி மட்டும் ஓரமா வழியுது. வரும்போது போகாம அடக்கி வச்சுப்பீங்களா?"

அடக்காமல் என்ன செய்வது? பிரியாணி தேக்சா மூடிபோட்டுத் தம்மில் இருக்கும்போது வீடே பற்றி எரிந்தாலும் மாஸ்டர் நகரக் கூடாது என்பது பாயின் சட்டம். அடக்கி அடக்கியே தலை நரைத்தவர் அவர். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். மூடி ஓரத்தில் ஆவி கசிந்தால் மேலே மேலே மாவு பூசும் எடுபிடிப் பையன்களை, தணலைக் குறைடா மடையா என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறார். தன் வயிற்றுக்கு மட்டும் மாவு பூசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

வாழைக்காயும் கஷாயமும் அன்றோடு ஒழிந்தன. மலத்தை இளக்க மருந்துப் பொடி, நிறையத் தண்ணீர், காலை டீ குடித்ததும் சின்ன முக்காலியில் காலை வைத்து அவசரமில்லாமல் உட்காருவது. அடைப்பு நீங்கிய பிறகு, காற்றை அடக்குவதுபோல இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி. இதை அடுப்படியில் நின்றபடியே செய்தார். அவர் முகம் இறுகுவதைப் பார்த்து, பாய் கோபமாக இருக்கிறார் என்று வெங்காயம் நறுக்குபவர்கள் கையை வேகமாக ஓட்டினார்கள். கசிவு மெல்ல மெல்ல நின்றது. வந்தால் அடக்காதீர்கள், போய்விடுங்கள் என்பது மட்டும் டாக்டரின் கண்டிப்பு.

வெளி மாஸ்டருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நிக்காஹ் முடிந்து, கொல்லையில் தேக்சா தம்மில் இருந்தபோது, மாலையும் ஷெர்வானியுமாக தல்ஹா சலாம் சொல்ல வந்தான். பாய்க்கும் சரியாக அப்போதுதான் அழைப்பு வந்தது. தேக்சாவைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். கரண்டியை மாப்பிள்ளை கையில் திணித்தார்.

"மாப்ளே, இத்தப் பாத்துக்க. ஓரத்துல ஆவி வந்தா மாவு பூசாத. தணலைத் தள்ளு."

"மாமா, எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"இவ்ளோ நாள் ஆக்கின எனக்கே தெரியல. நில்லு."

பாய் ஓடவில்லை. நிதானமாகப் படியேறினார்.

மணப்பெண் அறை ஜன்னல் கொல்லையைப் பார்த்து இருந்தது. மாலை வாடும் அளவுக்கு வியர்த்து, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு தல்ஹா மூடியையே முறைத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையை யார் அங்கே நிற்க வைத்தது என்று அவன் சித்தி மெஹக் ஜன்னலோரம் நின்று கோபித்துக்கொண்டாள்.

"எங்கத்தாதான், சித்தி," என்றாள் ஃபிசா. மை கலைந்தால் கலையட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்த பொண்ணு என்னைக்கூட அவரு தம் பக்கத்துல தனியா வுட்டதில்ல."