மாதேஷ் எதிரணிக்காகப் பேசிய காலை

1. வழியில் நின்ற எருமை

ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியை எங்கள் பக்கத்தில் ரிக் வண்டி என்பார்கள். அது ஓர் ஊருக்குள் தனியாக வருவதில்லை. ஒருவருடைய நம்பிக்கையையும், அக்கம்பக்கத்தார் அனைவருடைய அச்சத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வரும். நான் பணியில் சேர்ந்து ஓராண்டு கடந்திருந்த ஒரு கோடையில், கம்பைநல்லூரை அடுத்த ஒரு சிற்றூரில் அப்படியொரு வண்டி வந்து நின்றது. அரூரில் எங்கள் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்த வேளையில் கைபேசி ஒலித்தது.

“கண்ணு, ரிக்கு வந்துருச்சு. முருகேசன் காட்டுக்குத்தான். நான் மடக்கி வெச்சிருக்கேன். நீ ஒடனே வா.”

அழைத்தவர் கோவிந்தம்மா; காடு என்று அவர் சொன்னது விளைநிலத்தை. அவ்வூரின் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர்; கேழ்வரகும் கொள்ளும் விளைவிக்கும் உழவர். இத்தகைய குழுக்களை ஒருங்கிணைப்பதே என் பணி. இப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன் என்பதால், அக்குழு எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவ்வூரில் நீர் மண்ணில் தங்குவதில்லை. பாறையின் விரிசல்களில் தங்குகிறது. ஒருவர் ஆழமாகத் துளைத்தால், அண்டை நிலத்தின் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, அடுத்த கோடையில் காற்றை இறைக்கும். இதைப் பட்டறிந்த ஊரார் தாமாகவே கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். குழுவின் ஒப்புதல் இன்றி எவரும் புதிய போர் போடக் கூடாது. கோடையில் மோட்டார்களை முறை வைத்தே ஓட்ட வேண்டும். உடன்பாடு அவ்வளவுதான். சட்டமோ தண்டனையோ அதற்குப் பின்னால் இல்லை. மக்கள் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட சொல் மட்டுமே இருந்தது. அது ஒருமுறை உடைந்தால் அடுத்த வாரமே இன்னும் பல வண்டிகள் வரும் என்பதை அனைவரும் அறிந்திருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது, வண்டிப்பாதையின் குறுக்கே ஓர் எருமை கட்டப்பட்டிருந்தது. ஒருபுறம் புளியமரத்திலும் மறுபுறம் வேலிக்காலிலும் கயிறு. அதன் பின்னால் கோவிந்தம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டியோடு வந்த ஏஜென்ட் பாஷா, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டபடி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, எருமைய அவுத்துவுட்டா நாங்க பாட்டுக்கு வேலையப் பாப்போம்ல?”

“அது சினை எருமைங்க. அதுவா நகர்ந்தா நகரும். நான் சொன்னா கேக்காது.”

“சினை எருமையக் கொண்டாந்து ரோட்டுல கட்டுவாங்களா யாராச்சும்?”

“சினையா இல்லாத எருமைன்னா நீங்க ஆரன் அடிச்சே ஓட்டிப்புடுவீங்களே!”

கூட்டம் சிரித்தது. முருகேசன் சிரிக்கவில்லை. முந்தைய கூட்டத்தில் தமக்குக் கூடுதல் முறைத் தண்ணீர் வேண்டுமெனக் கேட்டவர் அவர். எல்லோருக்கும் ஒரே முறைதான் என்று குழு மறுத்திருந்தது. மறுப்பைக் கேட்டு வாய் திறக்காமல் எழுந்து போனவர், இப்போது வண்டியோடு வந்திருக்கிறார். அவருக்கு எதிரே, முகம் சிவக்க நின்றவர் மாதேஷ். முருகேசனுக்குப் பெரியப்பா மகன், அண்டை நிலத்துக்காரர், புதிய போர் விழுந்தால் முதலில் வற்றக்கூடிய கிணறு அவருடையது.

2. மேடையிலிருந்து நான் கொண்டுவந்த விதி

பள்ளிப் பருவம் முதலே நான் மேடைகளில் வளர்ந்தவள். ஒரு தலைப்பை ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். கோப்பைகளைக் காட்டிலும் எனக்குப் பெருமை தருவது என் பயிற்றுநர் விதித்த ஒரு கட்டுப்பாடு: எதிரணியின் கருத்தை, எதிரணியினரே தலையசைக்கும் அளவுக்குச் செம்மையாக எடுத்துரைக்காத வரையில் அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. பலரும் மேடைக்கலையைச் சொற்களின் ஆரவாரம் என எண்ணுகிறார்கள். நான் கற்ற மேடைக்கலை அதுவன்று. அதில் பாதி, பிறருக்காகப் பேசும் கலை.

இந்தக் கட்டுப்பாட்டைக் குழுக் கூட்டங்களுக்கு நான் கொண்டுசென்றேன். தடுப்பணையில் மாடு குளிப்பாட்டுவது குறித்த ஒரு சண்டையில் முதன்முதலாக இதை முன்வைத்தபோது, “எதிராளிக்கு நானே வக்கீலா? நல்லா இருக்குதே ஞாயம்!” என்று நகைத்தார்கள். ஆனால், விளையாட்டாகத் தொடங்கியது வழக்கமாயிற்று. ஒருவரை எதிர்த்துப் பேச விரும்புபவர், முதலில் அவருடைய பக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் “ஆமா, அதான்” என்று ஒப்பினால்தான் மேற்கொண்டு பேசலாம். கூட்டங்கள் நீண்டன, ஆனால் கைகலப்புகள் நின்றன.

அன்று காலை நான் ஒரு நல்ல உரையை மனத்தில் கட்டிக்கொண்டேதான் போயிருந்தேன். உடன்பாட்டின் வரலாறு, வாக்கின் மாண்பு, வருங்காலத் தலைமுறையின் உரிமை என அடுக்கடுக்காக எல்லாம் அணிவகுத்திருந்தன. நான் வாய் திறக்கும் முன்பே மாதேஷ் தொடங்கிவிட்டார்.

“எல்லாருக்கும் ஒரு ஞாயம், இவனுக்கு ஒரு ஞாயமா? நீங்களே கேளுங்க மேடம்!”

கோவிந்தம்மா குறுக்கிட்டார். “டேய் மாதேசு, ரூலுன்னா ரூலு. மொதல்ல அவன் பக்கத்தச் சொல்லு. அப்புறமேட்டு உன்னுதச் சொல்லு.”

“ரிக்கே வந்து நிக்குது, இப்பப் போயி ரூலா?”

“ரிக்கு வந்ததே ரூல மீறித்தான். நீயும் மீறுனா அப்புறம் நாங்க எதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது?”

என் உரையை நான் மடித்து வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார்.

3. மூன்று முயற்சிகள்

மாதேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நடிப்புக் குரலில் சொன்னார்: “நான் முருகேசன். எனக்குப் பேராசை. பங்காளிக் கிணறு வத்துனா எனக்கென்ன.”

“இல்ல” என்றார் முருகேசன்.

“சரி. நான் முருகேசன். என் மாமனாரு ஊருல எல்லாரு காட்டுலயும் போரு இருக்குது. என் காட்டுல இருக்கறது நூலு மாதிரி வருது. போனா அங்க எனக்கு மதிப்பில்ல.”

கூட்டம் மறுபடியும் சிரித்தது. “இல்ல” என்றார் முருகேசன்.

“பின்ன என்னதான்டா உனக்கு? நீயே சொல்லித் தொலையேன்!”

முருகேசன் நிலத்தைப் பார்த்தார். “தண்ணி வேணும்ணா. அவ்வளவுதான்.”

அப்போது, அதுவரை பாதையை ஒட்டிய தங்கள் புழு மனையின் வாசலில் நின்றிருந்த முருகேசனின் மனைவி செல்வி முன்னே வந்தார். அவ்வூரில் பலரையும் போலவே அவர்களும் பட்டுப்புழு வளர்ப்பவர்கள், மாதேஷும் அப்படியே. புழு இருக்கும் மனைக்குள் வெளியாள் எவரும் நுழைவதில்லை. நோய் தொற்றும் என்பது ஒன்று, கண் படும் என்பது மற்றொன்று. அந்த வாசலைச் செல்வி திறந்துவிட்டார்.

“வெளிய நின்னுக்கிட்டு எத்தினி தடவ சொன்னாலும் வராது மாமா. உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

மாதேஷ் செருப்பைக் கழற்றி, வாசலில் பரப்பியிருந்த சுண்ணாம்புத் தூளை மிதித்து, கைகளை மருந்து நீரில் நனைத்துக்கொண்டு உள்ளே போனார். செல்வியின் கையசைப்பைக் கண்டு நானும் கோவிந்தம்மாவும் அதேபோல் பின்தொடர்ந்தோம்.

பட்டுப்புழு கடைசியாகத் தோலுரித்த பிறகு, கூடு கட்டும்வரை ஓயாமல் தின்னும். அந்நாட்களில் மனைக்குள் நின்றால் ஓட்டின் மேல் மழை விழுவது போன்ற ஓசை கேட்கும். இங்கே ஓசை இல்லை. அடுக்கடுக்கான தட்டுகளில் மல்பெரித் தழை தீர்ந்து வெறும் தண்டுகளே கிடந்தன. புழுக்கள் தட்டின் விளிம்புவரை ஊர்ந்து வந்து, தலையை உயர்த்தி, இல்லாத ஒன்றைத் தேடி அசைந்துகொண்டிருந்தன. சாளரத்தின் வழியே தெரிந்த அவர்களுடைய மல்பெரித் தோட்டம் மஞ்சள் பாரித்துத் துவண்டிருந்தது.

மாதேஷ் குனிந்து தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு, வெளியே கூட்டத்துக்குக் கேட்கும்படியாக அல்லாமல், தம்பிக்கு மட்டும் கேட்கும்படி, வாசலில் நின்று சொன்னார்.

“நான் முருகேசன். என் பொண்டாட்டி ராப்பகலாப் பாத்து வளத்த புழு பட்டினியா கெடக்குது. இன்னும் ஒரு வாரம் தின்னாத்தான் கூடு கட்டும். நாளைக்கித் தின்னலைன்னா எல்லாத்தையும் குழி தோண்டிப் பொதைக்கணும். அதான்.”

“ஆமாண்ணா” என்றார் முருகேசன். “அதான்.”

4. கேட்கப்படாத கேள்வி

விதிப்படி, இப்போது மாதேஷ் தம் பக்கத்தைப் பேசலாம். அவர் பேசினார். ஆனால் நாங்கள் எதிர்பார்த்ததை அல்ல.

“ஏன்டா, அறிவு கெட்டவனே, இன்னைக்கே போரு போட்டு ஆறு மாதிரி தண்ணி வந்தாலும், இந்தக் காட்டுல ஒரு வாரத்துக்குள்ள எப்புட்றா தழை வரும்? உனக்கு வேண்டியது தண்ணியா, தழையா?”

அந்தப் பேச்சு புழுக்களை எட்டாதபடி செல்வி அவசரமாக மனைக் கதவைச் சாத்தினார். அந்தச் செயலைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கிற்று.

அப்பகுதியில் புழு மனை வைத்திருப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. புழு இருக்கும் காலத்தில் ‘தழை இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வளர்ப்பு விளங்காது என்பது நம்பிக்கை. இது எனக்கும் தெரியும், மாதேஷுக்கும் தெரியும், குழுவில் உள்ள அனைவருக்கும் தெரியும். ஆனாலும், முருகேசன் முந்தைய கூட்டத்தில் தண்ணீர் கேட்டபோது, நாங்கள் தண்ணீரைப் பற்றியே பேசினோம். சொல்லக் கூடாததைச் சொல்லாமல், சொல்லக் கூடியதை மட்டும் அவர் கேட்டார். மறுக்கப்பட்ட பிறகு, தண்ணீர் என்ற அந்தச் சொல்லையே அவரும் நம்பத் தொடங்கி, அதற்காக ஒரு ரிக் வண்டியையே வரவழைத்துவிட்டார்.

மாதேஷின் கூடுகள் சில வாரங்களுக்கு முன்பே தருமபுரிச் சந்தைக்குப் போயிருந்தன. தோட்டத்தில் தழை மறுபடியும் வளர்ந்து நின்றது. அடுத்த வளர்ப்புக்கு அவர் வைத்திருந்தது அது. அதைக் கொடுத்தால் அவருடைய அடுத்த வளர்ப்பு தள்ளிப்போகும். அவர் அந்தத் தழையை அறுக்க அரிவாளைக் கேட்டார்.

“கெழக்கோரம் வேண்டாம். பக்கத்துக் காட்டுல தக்காளிக்கு மருந்து அடிச்சிருக்கானுங்க. நடுவுல அறுத்துக்கலாம்.”

மருந்து பட்ட தழை புழுவுக்கு நஞ்சு. ஆகவே முதல் கட்டுத் தழை வந்ததும் செல்வி அதை அப்படியே போட்டுவிடவில்லை. சில புழுக்களைத் தனித் தட்டில் எடுத்து, சில இலைகளை மட்டும் வைத்தார். அவை துவண்டு பச்சை நீர் கக்கினால், அத்தனை தழையும் வீண். வேறு வழியும் இல்லை. பாதையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. பாஷா புளியமரத்தடியில் அமர்ந்துவிட்டார். ஊரே மனைக்கு வெளியே காத்திருந்தது. என் வாழ்நாளில் நான் கேட்ட எந்த நடுவர் தீர்ப்புக்கும் அப்படி மூச்சடக்கிக் காத்திருந்ததில்லை.

செல்வி வெளியே வந்தார். “தின்னுதுங்க” என்றார். “நல்லாத்தான் இருக்குதுங்க.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்து, “நிக்கிறீங்களே, போயி அறுங்க” என்றார்.

பாஷா எழுந்து துண்டை உதறினார். “போரு போட வந்தேன். பட்டிமன்றம் பாத்துட்டுப் போறேன். வரட்டுங்களா?”

5. நான் கற்றது

போர் பற்றிய வழக்கு அன்று முடிந்துவிடவில்லை. அடுத்த கூட்டத்தில் முருகேசன் மீண்டும் கேட்டார். குழு மீண்டும் மறுத்தது. ஆனால், மல்பெரி வைத்திருப்பவர்கள் ஒரே சமயத்தில் புழு இறக்காமல், அதாவது வளர்ப்பைத் தொடங்காமல், ஒருவர் மாற்றி ஒருவர் இறக்குவது என்ற புதிய ஏற்பாடும் அதே கூட்டத்தில் பிறந்தது. ஒருவர் தோட்டம் தளரும்போது இன்னொருவர் தோட்டம் தழைத்திருக்கும். தண்ணீருக்கு முறை வைத்தவர்கள், தழைக்கும் முறை வைத்தார்கள்.

மேடையில் தலைப்பை வேறொருவர் தருவார். நாம் அதை ஒட்டியோ வெட்டியோ பேசினால் போதும். ஊர்ப்பணியில் தலைப்பை நாமே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கைக்குக் கிடைக்கும் தலைப்பு பெரும்பாலும் தவறானது. ‘போர் வேண்டுமா, வேண்டாமா’ என்று நாங்கள் எவ்வளவு திறமையாக வாதிட்டிருந்தாலும், அந்தப் புழுக்கள் இறந்திருக்கும். எதிர்த்தரப்பை எடுத்துரைக்கும் விதியை நான் இன்றும் தலைநிமிர்ந்தே பரிந்துரைக்கிறேன். ஆனால் அதை வெளியே நின்று பின்பற்றாதீர்கள். வாசலைத் திறந்துவிடுவார்களானால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

இன்னொன்றும் உண்டு. மேடையில் தோற்ற அணி வேறொரு பேருந்தில் ஏறித் தன் ஊருக்குப் போய்விடும். குழுக் கூட்டத்தில் தோற்றவர் மறுநாளும் அடுத்த வயலிலேயே இருப்பார். அவருடைய மாடும் அதே குட்டையில்தான் நீர் குடிக்கும்.

முருகேசனின் கூடுகள் முதிர்ந்ததும், அவரும் மாதேஷும் ஒரே சரக்கு வண்டியில் தருமபுரிச் சந்தைக்குப் போனார்கள். விற்கக் கூடு இல்லாத மாதேஷ், தாமும் சந்தையைப் பார்க்க வேண்டுமெனச் சொன்ன காரணத்தை ஒருவரும் நம்பவில்லை. செல்வியோடு நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் வாதம்தான்.

“என்ன இருந்தாலும் போரு போட்டிருக்கணும்ணா.”

“போட்றா. போட்டுட்டு என் காஞ்ச கெணத்துல எறங்கி நீயே தூரு வாரு.”

“உன் கெணத்துல இப்ப மட்டும் கடலா பொங்குது?”

“ரெண்டு பேரும் சித்த தள்ளி ஒக்காந்து சண்ட போடுங்க” என்றார் செல்வி. “கூடு நசுங்குது.”

இருவரும் வாதத்தை நிறுத்தவில்லை. ஆனால் தள்ளி உட்கார்ந்தார்கள். தோற்றவர் என்று எவரும் அந்த வண்டியில் ஏறவில்லை.