முன்பாயின் சிவப்புக் கோடுகள்

கொக்கிளாய்க் களப்பில் அக்காவின் பாய்வள்ளம் கட்டியிருக்கிறது. அதன் முன்பாயின் அடிவிளிம்பில் மூன்று சிவப்புக் கோடுகள். பெயின்ட் அல்ல, அக்கா நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸ். பூசியவர் அத்தான். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானுந்தான்.

இருவரும் வெளிநாட்டில் உழைத்துக் களைத்துத் திரும்பியவர்கள். அத்தானுக்கு இருதய வருத்தம். தனியே தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனுசனுக்கோ வள்ளம் ஓடாத நாளில் சோறு இறங்காது. அக்கா இடப்பெயர்வில் கழுத்தளவு தண்ணீரைக் கடந்தவள். அதன்பிறகு களப்பைக் கண்டாலே அவளுக்கு நடுக்கம். "செத்தாலும் சேர்ந்து சாவம்" என்று ஏசிக்கொண்டே அவளும் ஏறினாள்.

கயிற்றை இழுத்தால் முன்பாய் தன்னைத் தாங்கும் கம்பியிலேயே சுருளும். காற்றுக் கூடக்கூடச் சுருட்டிச் சிறிதாக்க வேண்டும். எவ்வளவு சுருட்டுவது என்பதுதான் அக்காவின் பயம். அத்தான் முதலில் காற்றில்லாத ஒரு காலையில் கயிற்றில் நாடா சுற்றி அடையாளம் வைத்தார். சோளகக் காற்று எழும்பிய அன்று நாடா சரியான இடத்துக்கு வந்துவிட்டது, பாய் மட்டும் பெரிதாகவே நின்றது. பலத்த காற்றில் பாய் இறுகிச் சுருளும், அதே அளவு கயிற்றுக்குக் குறைவாகவே உள்ளே போகும் என்பதை மனுசன் யோசிக்கவில்லை. வள்ளம் சரிந்த சரிவில் அக்கா போட்ட கூச்சல் கரையில் நின்ற எனக்கே கேட்டது. "என்னைக் கொல்லவோ கூட்டிக்கொண்டு போனனீங்கள்?" என்று இறங்கியதும் பிடித்தாள். அவர் தலையைச் சொறிந்தபடி கியூட்டெக்ஸைக் கேட்டார். அடையாளம் பாயிலேயே ஏறியது. சின்னக் காற்றுக்கு முதற் கோடு, பலத்ததற்கு இரண்டாவது, புயல்போல் அடித்தால் மூன்றாவது; அந்தக் கோடு கம்பியைத் தொட்டால் நிறுத்து, அவ்வளவுதான்.

அதன்பிறகு கயிறு அக்காவின் வேலை. சுருட்டினது போதுமோ என்று ஒவ்வொரு தடவையும் அவரைக் கேட்பாள்: "இஞ்சாருங்கோ, காணுமோ?"

"என்னைக் கேளாதேயும். கோட்டைப் பாரும்."

எனக்கு ஆத்திரம் வரும். நடுங்குகிறவளுக்கு ஒரு 'ஓம்' சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?

போன சோளகக் காலத்தில் நடுக்களப்பில் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பேச்சில்லை. காற்றோ பலத்த காற்று. அக்கா இரண்டாவது கோடு கம்பியைத் தொடும்வரை சுருட்டிக் கட்டிவிட்டு, சுக்கானைப் பிடித்து வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைகள் பறந்து வந்து முகம் பார்க்கும்வரை ஆஸ்பத்திரியில் அவருக்கு உயிர் இருந்தது. என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது: "உன்ர அக்கா தனியக் கொண்டந்திட்டா, பாத்தியே?" அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோதுதான் அவர் ஏன் ஒருநாளும் 'ஓம்' சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது. அழுதுவிட்டேன்.

போன கிழமை அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள். திரும்பும்போது காற்று எழும்பியது. கயிற்றை இழுத்தாள். சிவப்புக் கோடு கம்பியைத் தொட்டது.

"இஞ்சாருங்கோ, காணுமோ?"

அத்தானைக் கேட்ட பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நானே சொன்னேன்: "ஓம் அக்கா, காணும்."

"உன்னட்டையோ கேட்டனான்?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு கோட்டைப் பார்த்தாள், கயிற்றைக் கட்டினாள்.