துரைசிங்கத்தின் மூன்று மட்டைகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஈப்போவின் பழம்பொருள் சந்தையில், துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிக்கும் மிதி கழன்ற தையல் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு டென்னிஸ் மட்டை கிடந்தது. கறுப்பு கிராஃபைட். தலை மிகச் சின்னது. இந்தக் காலத்து மட்டையின் பக்கத்தில் வைத்தால் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சாஸரை வைத்த மாதிரி இருக்கும். குனிந்து எடுத்தேன். கடை விரித்திருந்த சீனப் பெரியவர், "ஸ்குவாஷ், அங்கிள். மாசிஹ் பாகுஸ்," என்றார், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்ற பொருளில். இது ஸ்குவாஷ் மட்டை இல்லை, டென்னிஸ்தான், எண்பதுகளின் முற்பகுதி, கழுத்தின் வளைவைப் பார்த்தாலே காலத்தைக் கணிக்கலாம் என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்குவாஷ்," என்றார் மறுபடியும். என் அறிவுக்கு இந்த ஊரில் கிடைக்கும் மரியாதை எப்போதும் இவ்வளவுதான்.

பிடியில் சுற்றியிருந்த தோலை முகர்ந்து பார்த்தேன். பொது இடத்தில் ஒரு வயசாளி டென்னிஸ் மட்டையை முகர்ந்து பார்ப்பது அழகான காட்சி இல்லைதான். ஆனால் அந்தப் புளிப்பு வாடை இருக்கிறதே, பழைய வியர்வையும் தோலும் சேர்ந்த வாடை, அது என்னை நேராக ஆயர் தாவாருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

அங்கே பெரிய துரையின் பங்களாவை ஒட்டி ஒரு டென்னிஸ் திடல் இருந்தது. வெள்ளைக்காரத் துரை போன பிறகு, ரப்பரோடு கொக்கோவும் போட்டார்கள். கொக்கோ விதையைப் புளிக்க வைத்துக் காய வைக்க வேண்டும். அதற்குச் சிமெண்டுத் தரை வேண்டும். தோட்டத்தில் அவ்வளவு பெரிய சிமெண்டுத் தரை டென்னிஸ் திடல்தான். ஆக நாங்கள் விளையாடியது, கொக்கோ காயாத நாள்களில், காடி ஊற்றிக் கழுவிய மாதிரி மணக்கும் தரையில். பந்து ஒன்றிரண்டு விதைமேல் விழுந்து எங்கோ திரும்பிப் போகும். என் பேக்ஹேண்ட் இன்றுவரை சரியில்லாததற்குக் கொக்கோவே காரணம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை.

பள்ளிப்படிப்பு முடிந்து, ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஆண்டு போடாமல் எதையும் எழுத மாட்டேன் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நான் சொல்ல வந்த சம்பவம் எண்பத்து மூன்றிலா நான்கிலா என்பதற்கு என்னிடம் உறுதியான சான்று இல்லை. விளையாட்டுச் சாமான் கடைகளில் சின்னத் தலை மட்டைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன, பெரிய தலைகள் ஒவ்வொன்றாக வந்து இடம் பிடிக்க ஆரம்பித்திருந்தன. இதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னிடம் இருந்தது தெலுக் இந்தானில் வாங்கிய பழைய மர மட்டை. கிராஃபைட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனால் நூலகத்துக்குப் பல மாதம் பிந்தி வரும் வெளிநாட்டு டென்னிஸ் இதழ்களை வரி விடாமல் படித்திருந்தேன். எந்த மட்டை விறைப்பு, எது வளையும், எது தோளுக்குக் கெடுதல் என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்வேன். பக்கத்து மேசை மணியம் எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்தவன். "மச்சான், நீ பேட்டப் பத்திப் பேசறத பாத்தா வீட்டுல பத்து வச்சிருக்கன்னு நெனப்பாங்க லா," என்பான்.

அதே அலுவலகத்தில் விமலா தட்டச்சராக இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். அப்பா துரைசிங்கம் ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிருந்தது என்பதை மூன்று மேசை தள்ளி இருந்தவர்கள்கூட அறிவார்கள். ரப்பர் பால்மரம் வெட்டியவர்களின் மகனுக்கு அந்த வீட்டில் பெண் கொடுப்பார்களா என்பதுதான் கேள்வி. என் அம்மா கேட்டவுடனே சொல்லிவிட்டார்: "அவுங்க நம்மள எடுக்க மாட்டாங்கப்பா. சும்மா ஆசப்படாத."

விமலா தைரியசாலி. வீட்டில் சொல்லிவிட்டாள். மறுநாள் வந்து, "அப்பா ஓமெண்டும் சொல்லேல்ல, இல்லையெண்டும் சொல்லேல்ல. 'டென்னிஸ் தெரியுமாம் எண்டால் ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு வரச் சொல்லு' எண்டவர்," என்றாள்.

மணியம் விழுந்து விழுந்து சிரித்தான். "அலாமாக்! எல்லாரும் பொண்ணு பாக்கப் போவாங்க. நீ பேட்டு பாக்கப் போறியா?"

ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இரண்டு திடல்கள் கொண்ட அந்தக் கிளப். துரைசிங்கம் வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. முகத்தில் மட்டும் வெள்ளையாக எதுவும் இல்லை, சிரிப்பு உட்பட. "வாரும் தம்பி," என்று சொல்லிவிட்டு, பெஞ்சின்மேல் மூன்று மட்டைகளை வரிசையாக வைத்தார். மூன்றும் சின்னத் தலை. மூன்றும் கிராஃபைட். என் மர மட்டையை மெதுவாகப் பெஞ்சுக்குக் கீழே தள்ளினேன்.

இது அவருடைய வழக்கமாம். புதிதாக விளையாட வருபவருக்குத் தம்முடைய மட்டைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றாலும் அடிக்க வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்பார். கேட்கிற இடத்தில் நான் வகையாக மாட்டிக்கொண்டேன்.

முதல் மட்டை கறுப்பு. லண்டனில் இருக்கும் மகன் கொண்டுவந்தது. அடித்தால் இரும்புக் கதவைத் தட்டிய மாதிரி முழங்கை வரை ஏறியது. நடுவில் பட்டால் பந்து தோட்டா. நடு என்பதோ ஒரு கைப்பிடி அகலம்கூட இல்லை. இரண்டாவது பழுப்பு நிறம். கண்ணாடி இழை கலந்தது, நன்றாக வளைந்தது. பந்து நரம்புகளில் ஒரு கணம் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. மூன்றாவதும் கறுப்புதான். நரம்புகளுக்கு நடுவே ஒரு ரப்பர் வளையம் செருகியிருந்தது. அதில் அடித்தால் ஓசையே இல்லை. தலையணையால் அடித்த மாதிரி மெத்தென்று இருந்தது.

"எப்பிடி?" என்றார்.

எங்கள் தோட்டத்தில் பெரிய மனிதர் ஒரு பொருளைக் கையில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான்: நல்லா இருக்குங்க. தோட்ட ஆபீஸ் கிராணி வீட்டுக் காப்பியில் சீனிக்குப் பதிலாக உப்பு விழுந்திருந்தாலும் நல்லா இருக்குங்க. என் அப்பா அப்படித்தான், அவருடைய அப்பாவும் அப்படித்தான். அது பொய் இல்லை, மரியாதை. அந்த மரியாதையோடு நான் படித்த இதழ்களும் சேர்ந்துகொண்டன. முதல் மட்டையைப் பலம் என்றேன். இரண்டாவதை நயம் என்றேன். மூன்றாவதுக்கு வந்தபோது எனக்கே என் பேச்சு பிடித்துப்போயிருந்தது.

"இதுதாங்க எல்லாத்துலயும் பெஸ்ட். வெண்ண மாதிரி இருக்கு. பந்து படுறதே கைக்குத் தெரியல. இந்த மாதிரி ஃபீல் எல்லாம் இப்ப வர்ற பேட்டுல கெடைக்காதுங்க."

துரைசிங்கம் அந்த மட்டையை வாங்கி, கழுத்துப் பகுதியில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து லேசாக அழுத்தினார். பெயிண்டுக்கு அடியில் ஒரு கோடு வாய் திறந்து மூடியது.

"இது வெடிச்ச பேட், தம்பி," என்றார். "போன வருசம் விழுந்து வெடிச்சது. எறிய மனமில்லாமல் வச்சிருக்கிறன்."

அதற்குப் பிறகு என் மட்டையைப் பெஞ்சுக்குக் கீழே தேடியதும், கிளம்பியதும், எதிர்த்திசையில் போகிற பஸ்ஸில் ஏறியதும் வேறு கதை.

திங்கள்கிழமை விமலா என் மேசைக்கு வந்தாள். "அப்பா சிரிச்சுச் சிரிச்சு அம்மாவுக்குச் சொன்னவர். 'அந்தப் பெடியனுக்கு என்னத்தைக் குடுத்தாலும் நல்லம் எண்டுவான். நாளைக்கு என்ர மகள் அழுதாலும் நல்லாத்தான் இருக்கிறாள் எண்டு எனக்குச் சொல்லுவான்' எண்டவர்."

எனக்கு அந்த வாக்கியம் மட்டையைவிடப் பலமாக இறங்கியது. எங்கள் வீட்டில் மரியாதை என்று பெயர் வைத்திருந்ததற்கு அந்த வீட்டில் வேறு பெயர். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

"இன்னொருக்கா வரச் சொல்லி அப்பாட்ட கேட்டிருக்கிறன்," என்றாள். "இந்த முறை உள்ளதைச் சொல்லுங்கோ. பயப்பிடாதேங்கோ."

"அவருக்குக் கோவம் வந்தா?"

"வரட்டும். கோவம் வந்தால் ஆறும். சிரிச்சால்தான் ஆறாது."

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிறு, மறுபடியும் கிளப். இந்த முறை அவரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் ஆடினோம். அவர் லண்டன் மட்டையால்தான் ஆடினார். அவருடைய பேக்ஹேண்ட் ஒவ்வொன்றும் நேராக வலையில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் வலையைத்தான் முறைத்தார். முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, லண்டன் மட்டையை என் முன் நீட்டி, "எப்பிடி?" என்றார்.

உள்ளதைச் சொல் என்றால் எவ்வளவு சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து ஒரேயடியாக வந்தது.

"இது உங்களுக்கு ஆகாதுங்க. ரொம்ப வெறப்பு. இருவது வயசுப் பையன் தோளுக்குப் பண்ணினது. அதான் உங்க பேக்ஹேண்ட் எல்லாம் வலைக்குள்ள போவுது. மகன் வாங்கிக் குடுத்தாருன்னு வச்சி அடிக்கிறீங்க. கை போயிடும்."

அவர் மூன்று மட்டைகளையும் பையில் போட்டார். ஜிப்பை இழுத்தார். காரில் ஏறினார். கார் போய்விட்டது. நான் வெள்ளைக் காற்சட்டையோடு வெயிலில் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். முதல் முறை பொய் சொல்லிப் பெண்ணை இழந்தேன், இரண்டாம் முறை உண்மை சொல்லி இழந்தேன், இனி சொல்ல மூன்றாவதாக ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

மணியம் ஆறுதல் சொன்னான், அவன் பாணியில். "ஒன்னு காலுல விழற, இல்லன்னா கழுத்தப் புடிக்கிற. நடுவுல நிக்கவே தெரியாதா மச்சான் உனக்கு?"

பல வாரம் ஒரு செய்தியும் இல்லை. விமலாவும், "அப்பா கதைக்கிறார் இல்லை," என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு ஒருநாள் மத்தியானம், அலுவலக வாசலில் துரைசிங்கம் நின்றார். வலது முழங்கையில் கட்டு. தலைமைக் குமாஸ்தா உட்பட எல்லோரும் எழுந்து நின்றார்கள். விமலாவின் தட்டச்சு இயந்திரம் நின்றது. அவர் மகளைப் பார்க்கவில்லை.

"வாரும்," என்றார் என்னிடம். "பேட் ஒண்டு எடுக்கோணும்."

விளையாட்டுச் சாமான் கடை பெரிய வீதியில் இருந்தது. கடையில் புதிய பெரிய தலை மட்டை ஒன்றை எடுத்துக் காட்டினேன். "இது மீன் பிடிக்கிற வலை," என்று ஒதுக்கினார். பழுப்பு மட்டையின் சாதியில் ஒன்று, சின்னத் தலை, நன்றாக வளைவது, மூலையில் தொங்கியது. அதை எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் காற்றில் இரண்டு வீச்சு வீசிப் பார்த்தார். "எப்பிடி?" என்று நான்தான் கேட்டேன். "பரவாயில்லை," என்றார். அவரிடமிருந்து அந்தச் சொல் வர எவ்வளவு கஷ்டம் என்று பிறகு பல ஆண்டுகளில் தெரிந்துகொண்டேன்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே அவருக்குப் பழக்கம். நரம்பு கட்டக் கொடுத்துவிட்டு நாங்கள் நின்றபோது தவுக்கே என்னைச் சுட்டி, இது யார் என்று மலாயில் கேட்டார்.

"மெனாந்து," என்றார் துரைசிங்கம்.

மெனாந்து என்றால் மருமகன். என்னிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, என் அம்மாவிடமோ சம்பந்தம் பேச ஆளே போகவில்லை. என் கல்யாணம் ஒரு மட்டைக் கடையில், மலாய் மொழியில், ஒரே சொல்லில் முடிவானது. தவுக்கே என் கையைக் குலுக்கினார். நான் வழக்கப்படி, "நல்லா இருக்குங்க," என்று தமிழில் சொல்லிவைத்தேன்.

அதன்பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவருடையவை. ஒவ்வொரு வாரமும் ஆட்டம் முடிந்ததும், "எப்பிடி?" என்பார். நான் உள்ளதைச் சொல்வேன். கோபப்படுவார். செவ்வாய்க்கிழமைக்குள் ஆறிவிடும். பேக்ஹேண்ட், என் மாமியாரின் சொதி, அவர் நாளிதழுக்கு எழுதும் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் என்னிடம் உண்மை கேட்டார். உலகத்தில் அவர் ஒருவரிடம் மட்டும்தான் நான் அப்படிப் பேசினேன். விமலாவிடம்கூட அவ்வளவு இல்லை. அதை அவளே சொல்வாள்.

அவர் போய்விட்டார். மட்டைகளை லண்டன் மைத்துனர் எடுத்துப் போனார், வெடித்ததையும் சேர்த்து. கிளப் நிலத்தை விற்றார்கள். கடைவீடுகள் எழும்பின. இரண்டாவது திடல் இருந்த இடத்தில் இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரி. போன மாதம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அங்கேதான் போனேன். நாற்காலியில் சாய்ந்து, திடலின் பின் எல்லைக்கோடு எந்த இடத்தில் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊசி சரியாக ஏறவில்லை. வலியில் உயிர் போயிற்று. இளம் டாக்டர் குனிந்து, "எப்படி இருக்கு அங்கிள்?" என்று கேட்டார். நல்ல பெண். முகம் வாடிவிடுமே என்றிருந்தது.

"நல்லா இருக்குங்க டாக்டர்," என்றேன்.