காதைக் குத்தும் சின்ன ஸ்பீக்கர்

ரேடியோ ரிப்பேர் தொழிலில் பேசாத பெட்டியைப் பேச வைப்பது சுலபம்; நன்றாகப் பேசுகிற பெட்டியைக் கொஞ்சம் மெதுவாகப் பேச வைப்பதுதான் பெரும்பாடு. எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைத் தேரடிப் பக்கம் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டு ஸ்டீரியோ செட்டுகள் ஊருக்குள் வந்திறங்கிய காலம். செட்டுக்கு இரண்டு இடுப்பளவுப் பெட்டிகள்; ஒவ்வொன்றிலும் கீழே பெரிய ஸ்பீக்கர், உச்சியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சின்ன ஸ்பீக்கர். ஜால்ரா, வயலின், 'ஸ்ஸ்' என்கிற எழுத்து எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். வந்து நேரே காதைக் குத்தும். ஆசைப்பட்டு வாங்கித் தலைவலி கண்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மச்சான் கொடுத்த செட்டு

கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில்காரர். மனைவியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த செட்டு. புது வீடு, மொசைக் தரை, கண்ணாடி அலமாரி, உட்கார ஒரு பாய்கூட இல்லை. நாதஸ்வர ரெக்கார்டு போட்டார். எனக்குப் பல் கூசியது. "போலிச் சரக்கக் குடுத்து ஏமாத்திட்டான். அவன்கூட பேசறதையே வுட்டுட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. சத்தம் தரையிலும் கண்ணாடியிலும் மோதித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். மில்லிலிருந்து கோணிகள் கொண்டுவரச் சொல்லித் தரை முழுக்க விரித்தேன், அலமாரிமேலும் நாலைந்தைத் தொங்கவிட்டேன். மறுபடி அதே ரெக்கார்டு. நாதஸ்வரம் குழைந்து வந்தது. மில்காரர் குனிந்து ஒரு கோணியின் முனையைத் தூக்கிப் பார்த்தார். அந்த அம்மாள்தான் சொன்னார்: "அண்ணனுக்கு இன்னிக்கே லெட்டர் போடுங்க. கோணி விரிச்ச சங்கதிய மட்டும் எழுதாதீங்க."

வெளிச்சம் ஜாஸ்தி

செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனதும், "வெளிச்சம் ஜாஸ்தி" என்றார். நான் அண்ணாந்து பல்பைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே சின்ன ஸ்பீக்கரைத் தொட்டுக் காட்டினார். காதைக் குத்துகிற சத்தத்தை அவர்கள் பாஷையில் 'பிரைட்', அதாவது வெளிச்சம், என்பார்களாம்.

அதற்குப் போகிற ஒயரில் ஒரு ரெசிஸ்டன்ஸைப் பற்ற வைத்தால் சத்தம் தணியும். ஆர்வக் கோளாறில் பெரிதாகவே வைத்துவிட்டேன். வீணை ரெக்கார்டு போட்டார். தலையணைக்கு அடியிலிருந்து வாசிப்பது போல இருந்தது. அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என் மனம் நோகக்கூடாதே என்று மெல்லச் சொன்னார்: "ரொம்ப நன்றி. இப்போ கரண்ட் போச்சு."

ஹெட்மாஸ்டர் வீட்டில்

ரிடையரான ஹெட்மாஸ்டர் ஒருவர், நயினார். அவர் வீட்டுக்குள் நுழையும்போதே ஜால்ரா காதைப் பிளந்தது. "இன்னும் கொஞ்சம் கணீர்னு கேக்க வழி இருக்கா?" என்றார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி தலையில் இறுக்கித் துணி கட்டிக்கொண்டு வந்தார். "கொறைக்க வழி இருந்தா பண்ணு தம்பி. மண்ட வெடிக்குது."

யார் சொல்வதைக் கேட்பது? எதற்கும் பார்ப்போம் என்று இரண்டு பெட்டியிலும் பெரிய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, சின்னதை மட்டும் ஓடவிட்டேன். அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். ஹெட்மாஸ்டர் நிதானமாக என்னைப் பார்த்து, "ஏம்ப்பா செட்ட நிறுத்திட்ட?" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. பெட்டியில் கோளாறு இல்லை. பெரிய ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டி, அடுக்களைப் பக்கத்துப் பெட்டிக்கு ரெசிஸ்டன்ஸ் போட்டு அடக்கினேன். மற்றதை அவர் நாற்காலிக்கு ஒட்டி வைத்தேன். வேலூரில் காது டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த அம்மாள் வாசல்வரை வந்தார். தலைக்கட்டை அவிழ்த்து அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தினி வருஷமா கூப்ட்டா திரும்ப மாட்டாரு. அலட்சியம்னு நெனச்சி நானும் மொகம் குடுத்துப் பேசாமயே இருந்துட்டேன், தம்பி."

நான் பிரித்துப் பார்த்த பெட்டிகளில் முக்கால்வாசிக்கு ஒரு குற்றமும் இல்லை என்பதை வாசலிலேயே சொல்லியிருந்தால், ஒருவரும் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.