குளியலறைத் தாழ்ப்பாள்

ஊருக்கெல்லாம் துணி தைத்து ஓய்ந்த தையல்காரருக்குத் தாழ்ப்பாள் போடாமல் குளிக்க மனம் ஒப்பாது. "தனியாத்தானேப்பா இருக்கீங்க, யாருகிட்ட வெக்கம்?" என்று வெளிநாட்டில் இருக்கும் மகள் போனில் தலைபாடாய் அடித்துக்கொள்வாள். இன்று சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தவருக்கு இடுப்பு அசையவில்லை. தாழ்ப்பாள் கைக்கு எட்டவில்லை. கூடத்தில் மகளின் அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் சொல்லித்தானோ என்னவோ, பக்கத்து வீட்டுக்காரி மாற்றுச் சாவியோடு உள்ளே வந்துவிட்டாள்.

"அண்ணே! இருக்கீங்களா?"

உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. வாயைத் திறந்தால் மானம் போகும், மூடினால் உயிர் போகும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"கடைக்குப் போயிட்டாரு போல" என்று அவள் திரும்பி நடக்கும் சத்தம் கேட்டது.

"போயிடாதம்மா! கதவை உடை!" என்று அலறினார். "கண்ணை மட்டும் மூடிக்கிட்டு வா, தாயி!"